ஒரிஜினலைக் கொடுத்துவிடுங்கள், தாளாளரே

கொங்கு மண்டலத்துத் தனியார் பள்ளித் தாளாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கோபிசெட்டிபாளையத்தில் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். காசு வாங்குவதில்லை, அதனால் யாருக்கும் பயப்பட வேண்டியதும் இல்லை. வருகிறவர்களில் பெரும்பாலோர் உங்கள் பள்ளிகளில் வேலை பார்க்கும் டீச்சர்கள்தான். பவானி, அந்தியூர், சத்தி, நம்பியூர், பெருந்துறை என்று பல பக்கமிருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள். மதியத்துக்கு மேல் பாதிப் பேருடைய கவனம் கைபேசிக்குப் போய்விடும். பள்ளி வாட்ஸப் குழுவில் 'நாளைக்கு டெஸ்ட் பேப்பர் கரெக்‌ஷன் முடிஞ்சாகணும்' என்று செய்தி வந்திருக்கும்.

இந்த மடலில் எந்தப் பள்ளியின் பெயரையும் சொல்லப் போவதில்லை. படிக்கும்போது உங்கள் பள்ளி உங்களுக்கே ஞாபகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

கேட்க வந்தது இதுதான். உங்கள் ஆசிரியர்கள் முறையான தகுதி பெறுவதற்குக் குறுக்கே நிற்காதீர்கள். முதல் வேலையாக, உங்கள் அலுவலக பீரோவில் பூட்டி வைத்திருக்கிற அவர்களுடைய அசல் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுங்கள். இதனால் உங்களுக்கு நட்டம் எதுவும் வராது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

அந்தியூர்ப் பக்கத்து அம்மிணி ஒருத்தி, கணக்கு டீச்சர். டெட் இரண்டாம் தாளில் தேறி, அதற்கப்புறம் போட்டித் தேர்வும் எழுதி, சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தது. பள்ளி அலுவலகத்தில் போய்க் கேட்டால், "தாளாளர் ஊர்ல இல்லீங்க டீச்சர், திங்கக்கெழமை பாத்துக்கலாம்" என்றார்கள். திங்கட்கிழமை போனால், "பத்தாவதுக்கு போர்ஷன் முடிக்காம எப்படிங்க தர்றது? மூணு மாசச் சம்பளத்தைக் கட்டிட்டு வாங்கிக்கோங்க" என்றார்கள். அவளுடைய அப்பா நகையை அடகு வைத்துக் கட்டினார். கைக்கு வந்த காக்கிக் கவரைப் பிரித்தபோது, மேல்நிலை மதிப்பெண் பட்டியலின் மேல் மூலையில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, அந்தக் கறை முத்திரை வரைக்கும் இறங்கியிருந்தது. சரிபார்ப்பில் உட்கார்ந்திருந்த அதிகாரி அந்தக் கறையை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் டிக் போட்டாராம். இந்த மாதிரிக் கறையை அவர் அன்றைக்கு எத்தனை பார்த்திருப்பாரோ.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குப் புரியாமல் இல்லை. நவம்பர் மாதத்தில் இயற்பியல் ஆசிரியர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கதி என்ன? பெற்றோர் உங்களைத்தான் கேட்பார்கள். சரி. அதற்கு முன்கூட்டித் தெரிவிக்கும் காலம் என்று ஒன்றை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். ஏப்ரல் வரைக்கும் நின்றால் ஒரு தொகை சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லலாம். வங்கிக் கணக்கில் ஏறுகிற சம்பளத்தில் ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பிக் கேட்காமல் இருந்தாலே பாதிப் பேர் போக மாட்டார்கள். சான்றிதழ் என்பது பல்கலைக்கழகம் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தது. அதை அடமானம் பிடிக்க உங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது.

உங்களில் பலர் தறி, போர் போடுகிற ரிக் வண்டி, கோழிப்பண்ணை, பனியன் கம்பெனி என்று தொழில் செய்து, அந்தக் காசில் பள்ளி கட்டியவர்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஓர் ஆசிரியர் தகுதி பெற என்னவெல்லாம் தாண்டி வர வேண்டும் என்று நேர்முகத்தில் உட்காருகிற உங்களுக்கே சரியாகத் தெரிவதில்லை. "பி.எட். இருக்குதா, சரி, மூணாங்கிளாஸ் எடுங்க" என்று அனுப்பிவிடுகிறீர்கள். அங்கேயே தப்பு ஆரம்பிக்கிறது.

ஒன்று முதல் ஐந்து வரை எடுக்க பி.எட். செல்லாது. அதற்கு வேண்டியது மேல்நிலைக்கு அப்புறம் இரண்டு ஆண்டு படிக்கிற தொடக்கக் கல்விப் பட்டயம். பழைய ஆட்கள் டீச்சர் டிரெய்னிங் என்பார்கள், இப்போது டி.எல்.எட். நம் பக்கத்தில் பெருந்துறையிலும் உடுமலை திருமூர்த்தி நகரிலும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. நடுவில் 2018-ல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், பி.எட். படித்தவர்களும் ஆறு மாத இணைப்புப் படிப்போடு தொடக்க வகுப்புகளுக்கு வரலாம் என்று அறிவித்தது. அது செல்லாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சின்னக் குழந்தைக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுப்பது தனிப் பயிற்சி வேண்டிய வேலை என்பதுதான் தீர்ப்பின் சாரம். மழலையர் வகுப்புக்கு மாண்டிசோரி டிப்ளமா வைத்திருக்கிற டீச்சரை ஒன்றாம் வகுப்புக்கு ஏற்றிவிடுவதும் நம்மூரில் வழக்கமாக இருக்கிறது. அதுவும் செல்லாது.

ஆறு முதல் எட்டுக்குப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும், அதோடு டெட் இரண்டாம் தாள். அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் என்றால் பத்தாம் வகுப்பு வரை எடுப்பார். மேல்நிலை வகுப்புகளுக்கு முதுகலையும் பி.எட்.டும்; அங்கே டெட் கிடையாது. அரசுப் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் முதுகலை ஆசிரியர் தேர்வை நேராக எழுதலாம்.

பி.எட். என்பது முன்பு ஓராண்டுப் படிப்பு. 2015-ல் இருந்து இரண்டு ஆண்டு. வகுப்புக்கு 80 விழுக்காடு வருகை வேண்டும், பள்ளியில் போய்ப் பயிற்சி எடுக்கும் காலத்துக்கு 90 விழுக்காடு. இங்கேதான் உங்கள் ஆட்களும் சில கல்லூரிகளும் சேர்ந்து ஒரு வித்தை காட்டுகிறார்கள். பி.எட். சேர்ந்த பெண் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை உங்கள் பள்ளியில் பாடம் எடுக்கிறாள். அதே நாளில் அதே நேரத்தில் அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு கல்வியியல் கல்லூரி வருகைப் பதிவேட்டிலும் இருக்கிறாள். வராத நாளுக்குத் தனிக் கட்டணம். இப்படி வாங்குகிற பி.எட்.டில் ஒரு பாடக்குறிப்பு எழுதக்கூடத் தெரியாமல் வருகிறார்கள். என்னிடம் வந்தவர்களில், கற்றல் விளைவு என்றால் என்ன என்று முதல் தடவையாக என் வகுப்பில்தான் கேட்டவர்கள் உண்டு. அவர்களைக் கோபிக்க எனக்கு மனசு வரவில்லை. லீவு கொடுத்தால் அவர்கள் ஏன் இப்படிப் படிக்கப் போகிறார்கள்?

அஞ்சல் வழியில் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புகிற தாளாளர்களும் இருக்கிறீர்கள். தொலைநிலையில் பி.எட். சேர, ஏற்கெனவே நேரடியாக ஆசிரியர் பயிற்சி முடித்திருக்க வேண்டும், அல்லது தொடக்கக் கல்வியில் பயிற்சி பெற்றுப் பணியில் இருக்க வேண்டும். வெறும் பி.எஸ்சி.யோடு போனால் சேர்க்க மாட்டார்கள். ஆகவே அவர்களுக்கு இரண்டு ஆண்டு கல்லூரிக்குப் போவதைத் தவிர வேறு வழி இல்லை. குமாரபாளையத்தில் அரசு கல்வியியல் கல்லூரி இருக்கிறது. கோவையில் பெண்களுக்கென்றே ஓர் அரசுக் கல்லூரி இருக்கிறது. 1930-ல் அவிநாசிலிங்கம் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயத்தின் கல்வியியல் கல்லூரி பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த, நன்றாகப் பாடம் எடுக்கிற ஒரு பெண்ணை இரண்டு ஆண்டு படிக்க அனுப்பி, முடித்ததும் உங்களிடமே வரச் சொல்லிப் பாருங்கள். நல்ல தறிக்காரரை வைத்துக்கொள்ள முன்பணம் கொடுக்கிற ஊர்தானே நம்முடையது.

இன்னொன்று. என்னைப் போன்றவர்கள் தொண்டை வற்றச் சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளாத சங்கதி இது. நம் பக்கத்துக் கலைக் கல்லூரிகளில் பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல், பி.காம். என்றுதான் கூட்டம். அப்புறம் பி.எட். சேர்கிறார்கள். பி.எட். முடித்த பிறகுதான் தெரிகிறது, அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை இந்தப் பாடங்களுக்குப் பட்டதாரி ஆசிரியர் பணியிடமே இல்லை என்று. டெட் இரண்டாம் தாளில் ஒன்று கணிதமும் அறிவியலும், இல்லையென்றால் சமூக அறிவியல். கணினியோ வணிகவியலோ படித்தவர்கள் மேலே முதுகலையும் முடித்து மேல்நிலைப் பணியிடத்துக்குத்தான் முயல வேண்டும். பட்டத்தின் பெயர் வெறும் கணிதம் என்று இல்லாமல், கணினிப் பயன்பாடு என்று கூடவே ஒரு வால் ஒட்டியிருந்தால், அது கணிதத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீட், ஜே.இ.இ. பற்றி எத்தனையோ கூட்டம் போடுகிறீர்கள். 'டீச்சர் ஆகணும்' என்று சொல்கிற பிள்ளைக்கு எந்தப் பட்டம் படித்தால் கதவு திறக்கும் என்று சொல்ல ஒரு அரை மணி நேரம் ஒதுக்கலாமே.

சரி, டெட்டுக்கு வருவோம்.

150 கேள்வி, 150 மதிப்பெண், மூன்று மணி நேரம். முதல் தாளில் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல், ஒவ்வொன்றும் 30. இரண்டாம் தாளில் முதல் மூன்றும் அப்படியே. மீதி 60 அவரவர் பிரிவுக்கு. கேட்க எளிதாக இருக்கும். விலங்கியல் படித்தவள் கணக்கும் போட வேண்டும். கணக்கு டீச்சர் தாவர செல்லின் பாகங்களைச் சொல்ல வேண்டும். ஆங்கில வழிப் பள்ளியில் வேலை பார்த்துப் பார்த்துத் தமிழ் எழுத்தே கையை விட்டுப் போனவர்கள் ஆகுபெயரிலும் அணியிலும் 30 கேள்விக்கு விடை தேட வேண்டும். குழந்தை உளவியல் அறிஞர்கள் பியாஜே, வைகாட்ஸ்கி, கோல்பெர்க் மூவரும் என் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படுகிற பாடு தனிக்கதை.

2012 ஜூலையில் முதல் தேர்வு நடந்தபோது நேரம் ஒன்றரை மணிதான். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அக்டோபரில் மறுதேர்வு வைத்து நேரத்தை மூன்று மணியாக்கினார்கள். அதற்கப்புறம் 2013. பொதுவான தேர்வு அடுத்து எப்போது வந்தது தெரியுமா? 2017-ல். பிறகு 2019. பிறகு 2022-ல் முதல் தாள், 2023 பிப்ரவரியில் இரண்டாம் தாள். அதை விட்டால் 2025 நவம்பர். ஆண்டுக்கு ஒரு முறையாவது நடத்த வேண்டும் என்பது ஆசிரியர் கல்விக் குழுமத்தின் வழிகாட்டுதல், நடந்தது இதுதான். இந்தக் கணக்கை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு தேர்வு நாளைத் தவறவிட்டால் இரண்டிலிருந்து நான்கு ஆண்டு போய்விடும். 2025-ல் முதல் தாள் நவம்பர் 15, சனிக்கிழமை. உங்கள் பள்ளிகளில் சனிக்கிழமை முழு வேலை நாள். "மத்தியானத்துக்கு மேல வந்துடுங்க டீச்சர்" என்று சொல்லி அனுப்பிய பள்ளி இருக்கிறது. அந்த டீச்சர் மூன்று மணி நேரம் தேர்வு எழுதிவிட்டு அப்படியே பஸ் ஏறி வந்து ஸ்பெஷல் கிளாஸ் எடுத்தாளாம். எடுக்காவிட்டால் சம்பளத்தில் பிடித்தம்.

தாளவாடியில் இருந்து வருகிறவளை நினைத்துப் பாருங்கள். தேர்வு மையம் ஈரோடு. நூறு கிலோமீட்டருக்கு மேல். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு, இரவில் போக்குவரத்துக் கட்டுப்பாடு வேறு. முதல் நாளே இறங்கி வந்து உறவுக்காரர் வீட்டில் தங்கினால்தான் காலையில் நேரத்துக்குப் போய் உட்கார முடியும். அவளுக்கு ஒரு நாள் லீவு போதாது, இரண்டு வேண்டும்.

இதெல்லாம் அவர்கள் பாடு, நமக்கு என்ன என்று நினைத்தால், சட்டத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. அதில் பள்ளி என்றால் அரசிடம் காசு வாங்காத உங்கள் பள்ளியும் சேர்த்திதான். அந்த ஆண்டு ஆகஸ்ட் 23-ல் வந்த குழுமத்தின் அறிவிக்கை, எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுக்க டெட் கட்டாயம் என்றது. பயிற்சி இல்லாதவர்களுக்கு 2019 மார்ச் 31 வரை கெடு நீட்டிக்கப்பட்டது. அதற்கும் மேலே, 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம், முன்பே பணியில் சேர்ந்தவர்களும் டெட் தேற வேண்டும் என்று சொன்னது. ஓய்வுபெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம். ஐந்து ஆண்டுக்குள் இருப்பவர்கள் தேறாமலே தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. சிறுபான்மையினர் பள்ளிகள் பற்றிய கேள்வி பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது.

இருபது ஆண்டுக்கு மேல் பாடம் எடுத்தவர்களைப் போய்ப் பரீட்சை எழுதச் சொல்வது நியாயமா என்று கேட்டால், எனக்கே முழுச் சம்மதம் இல்லை. 150 கேள்வியில் டிக் அடிப்பதை வைத்து ஒருவர் நல்ல டீச்சரா என்று கண்டுபிடித்துவிட முடியாது. ஆனால் அந்த வாதத்தை நீங்கள் எடுத்துக்கொண்டு வர வேண்டாம். அது வகுப்பறையில் நின்று கால் வலித்தவர்கள் சொல்ல வேண்டியது.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். டெட் தேறிவிட்டால் கவர்மெண்ட் வேலைக்குப் போய்விடுவார்கள், பள்ளி காலியாகிவிடும். இதைத்தான் நேரிலும் என்னிடம் சொல்கிறீர்கள். டெட் தேர்ச்சி என்பது வேலை ஆணை இல்லை. முன்பு டெட் மதிப்பெண்ணோடு மேல்நிலை, பட்டம், பி.எட். மதிப்பெண் எல்லாவற்றையும் சேர்த்து வெயிட்டேஜ் என்று கணக்குப் போட்டு எடுத்தார்கள். 2018-ல் அரசாணை 149 வந்ததும் அது போய்விட்டது. இப்போது டெட் தேறியவர்கள் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும். அதில் தமிழ் தகுதித் தாளும் தேற வேண்டும். பணியிடம் சில ஆயிரம், எழுதுகிறவர்கள் அதைப் போலப் பல மடங்கு. ஆகவே உங்களிடம் டெட் தேறுகிற பத்துப் பேரில் பெரும்பாலோர் உங்களிடம்தான் இருப்பார்கள். அரசும் ஒன்றும் வாரி வழங்கிவிடவில்லை. 2022-ல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தபோது, ஒன்று முதல் ஐந்து வரை எடுக்கிற இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்றுதான் ஆரம்பித்தார்கள். எதிர்ப்பு வந்த பிறகு ஏற்றினார்கள்.

உங்கள் பள்ளியில் இருக்கப் போகிறவர்கள் தகுதியோடு இருந்தால் உங்களுக்குத்தானே நல்லது? டெட் சான்றிதழ் முன்பு ஏழு ஆண்டுதான் செல்லும். 2021-ல் வாழ்நாள் முழுக்கச் செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள். ஒரு தடவை தேறிவிட்டால் முடிந்தது. அங்கீகாரம் புதுப்பிக்க ஆய்வுக்கு வரும் அதிகாரி ஆசிரியர் பட்டியலைக் கேட்டால், பக்கத்துப் பள்ளி டீச்சர் பெயரைக் கடன் வாங்கி எழுத வேண்டியதில்லை.

பி.எட். பயிற்சிக்கு உங்கள் பள்ளிக்கு வருகிற மாணவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டாம் ஆண்டில் பதினாறு வாரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்பது விதி. அவர்கள் வருவது, மூத்த டீச்சர் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிக்க, பாடக்குறிப்பு எழுதி எடுத்துப் பார்க்க, எடுத்த பிறகு 'அந்த இடத்தில் கரும்பலகையை மறைத்துக்கொண்டு நின்றாய்' என்று யாராவது சொல்லக் கேட்க. நீங்கள் அவர்களை லீவில் போன டீச்சருக்குப் பதிலாக நிறுத்துகிறீர்கள், பஸ்ஸில் பிள்ளைகளை எண்ண அனுப்புகிறீர்கள், நோட்டுக்கு அட்டை போட வைக்கிறீர்கள். சொந்த டீச்சர்களைக் கோடையில் வீடு வீடாக அட்மிஷன் பிடிக்க அனுப்புகிறவர்களுக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியாதுதான். அடுத்த ஆண்டு அதே மாணவிகள் உங்களிடமே வேலை கேட்டு வரும்போது, 'பாடம் எடுக்கத் தெரியலையே' என்று சலித்துக்கொள்வதும் நீங்கள்தான்.

ஆகவே வரும் ஜூனில் பணி ஆணை அடிக்கும்போது, அசல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டும் என்ற வரியை எடுத்துவிடுங்கள். ஒப்பிட்டுப் பார்த்து நகல் வாங்கிக்கொண்டால் போதும். இப்போது பீரோவில் இருப்பதை அடுத்த சம்பள நாளில், பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள். டெட் அன்றைக்கும் அதற்கு முந்தின நாளும் சம்பளத்தோடு லீவு. ஒன்று முதல் ஐந்து வரை யார் எடுக்கிறார்கள், அவர்களிடம் எந்தப் பயிற்சி இருக்கிறது என்று தலைமையாசிரியரை ஒரு பட்டியல் போடச் சொல்லுங்கள். உங்களுக்கே தூக்கம் வராது.

ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வகுப்பறைகள் பூட்டித்தான் கிடக்கின்றன. எங்களுக்கு இப்போது இருக்கும் இடம் போதவில்லை. ஒரு அறையும் கரும்பலகையும் குடிதண்ணீரும் கொடுத்தால், சத்தியோ பவானியோ, நானே வந்து வகுப்பு எடுக்கிறேன். உங்கள் பள்ளி டீச்சர்களோடு பக்கத்துப் பள்ளி டீச்சர்களையும் உள்ளே விட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பஸ் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
கோபிசெட்டிபாளையம்.